இந்தக் கிருமி எந்த வம்சம்?

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கூடவே காய்ச்சல். டாக்டர் யூரின் கல்ச்சர் எழுதிக் கொடுக்கிறார். ஆய்வகத்தில் டப்பாவை நீட்டினால், “ரிப்போர்ட்டுக்கு மூணாம் நாள் சாயங்காலம் வாங்க” என்கிறார்கள். அதே ஆய்வகம் ரத்தச் சர்க்கரையை ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. நோய் இருந்தால் அந்தச் சிறுநீரின் ஒரு மில்லியில் பெரும்பாலும் லட்சத்துக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் இருக்கும். நுண்ணோக்கியும் பக்கத்து மேசையிலேயே இருக்கிறது. ஒரு துளியை எடுத்துப் பார்த்து, இன்ன கிருமி என்று சொல்லிவிட வேண்டியதுதானே?

பார்த்தால் தெரியாது, சிக்கலே அதுதான். ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால் குட்டைக் குச்சிகள் தெரியும். குடலில் வாழும் ஈ.கோலை அப்படி ஒரு குச்சி. டைபாய்டு தரும் சால்மோனெல்லாவும் ஏறத்தாழ அதே அளவுக் குச்சி. க்ளெப்சியெல்லாவும் குச்சிதான். செடி என்றால் பூவையும் இலையையும் பார்க்கலாம், விலங்கு என்றால் பல்லையும் எலும்பையும் பார்க்கலாம். பாக்டீரியாவில் உருண்டை, குச்சி, வளைந்த குச்சி, சுருள் என்று நாலைந்து உருவங்களுக்கு மேல் பெரிதாக எதுவும் கிடையாது. உயிர்களுக்கெல்லாம் பேரினம், சிற்றினம் என்று இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸ்கூட 18ஆம் நூற்றாண்டில் இவற்றிடம் தோற்றுப்போனார். நுண்ணோக்கியில் நெளிந்த பலவற்றையும் புழுக்களோடு சேர்த்து, ‘கேயாஸ்’ என்ற பேரினத்துக்குள் தள்ளிவிட்டு நகர்ந்தார். ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் கோன் 1872இல் உருவத்தை வைத்து ஓரளவு ஒழுங்கான பட்டியல் போட்டார். இன்றும் புழக்கத்தில் இருக்கும் ‘பேசில்லஸ்’ என்ற பேரினப் பெயர் அந்தப் பட்டியலில் இடம்பெற்றதுதான்.

உருவத்துக்கு அடுத்த தடயம் தற்செயலாகக் கிடைத்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பெர்லினில் நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். திசுவுக்கு நடுவே கிருமி மட்டும் தனியாகத் தெரிய வேண்டும். அவருடைய தேவை அவ்வளவுதான். ஊதாச் சாயம் ஏற்றினார், அயோடின் விட்டார், பிறகு ஆல்கஹால் ஊற்றிக் கழுவினார். திசு வெளுத்தது, கிருமி ஊதாவாகவே நின்றது. சில வகைக் கிருமிகள் மட்டும் திசுவோடு சேர்ந்து வெளுத்துப்போயின. 1884இல் முறையை வெளியிட்டபோது, இது இன்னும் குறையுள்ளது என்று அவரே அடக்கமாக எழுதினார். அவர் குறையாக நினைத்ததுதான் இன்று உலகமெங்கும் எந்த நுண்ணுயிர் ஆய்வகத்திலும் கேட்கப்படும் முதல் கேள்வி: கிராம் பாசிட்டிவா, நெகட்டிவா?

வித்தியாசம் சுவரில் இருக்கிறது. பாக்டீரியாவைச் சுற்றி, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் பின்னிய பெப்டிடோகிளைகன் என்ற வலைச்சுவர் உண்டு. சிலவற்றில் அது தடிப்பானது. ஆல்கஹால் பட்டதும் சுருங்கிச் சாயத்தை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். மற்றவற்றில் அது மெல்லியது. அதற்கு வெளியே கொழுப்புச் சவ்வு ஒன்று போர்த்தியிருக்கும். ஆல்கஹாலில் அந்தச் சவ்வு கரைய, சாயமும் வழிந்து போய்விடும். பிறகு ஏற்றும் சிவப்புச் சாயத்தில் இவை இளஞ்சிவப்பாகத் தெரியும். கண்ணுக்கு நிற பேதம். வைத்தியத்துக்கோ உயிர் போகிற பேதம். வான்கோமைசின் என்ற மருந்து அந்த வெளிச்சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியாது, ஆகவே கிராம் நெகட்டிவ் கிருமிகளிடம் அது பெரும்பாலும் செல்லாது. ஐந்து நிமிடச் சாயவேலை, மருந்துப் பட்டியலில் பாதியை அடித்துவிடுகிறது.

ஆனால் நம் சிறுநீரில் இருக்கும் குச்சிகள் எல்லாமே இளஞ்சிவப்பு என்றால் என்ன செய்வது? இங்கேதான் காத்திருப்பு தொடங்குகிறது. தோற்றம் காட்டிக்கொடுக்காத கிருமியை அதன் நடத்தை காட்டிக்கொடுக்கும். நடத்தையைப் பார்க்க அதை வளர்த்தாக வேண்டும்.

வளர்க்கும் தட்டில் இருப்பது அகர். ரம்ஜான் மாதத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்கிறோமே கடல்பாசி, அதே சரக்கு. இது ஆய்வகத்துக்கு வந்ததும் சமையலறை வழியாகத்தான். ராபர்ட் காக் ஆய்வகத்தில் முதலில் ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். உடல் சூட்டில் அது உருகிவிடும். சில கிருமிகள் அதைத் தின்று நீராக்கியும் விடும். அங்கே பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸெயின் மனைவி ஃபேனி, தன் வீட்டில் ஜெல்லி செய்யும் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பியவர்கள் சொல்லிக்கொடுத்த பக்குவம் அது. அவருடைய பெயரில் எந்தக் கருவியும் இல்லை. 1887இல் மூடியோடு கூடிய தட்டை அறிமுகப்படுத்திய பெட்ரியின் பெயர்தான் நின்றது.

சிறு வளையமுள்ள கம்பியைச் சிறுநீரில் முக்கி எடுத்தால், ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தட்டில் இழுத்துவிட்டு 37 டிகிரிச் சூட்டில் ஓர் இரவு வைக்கிறார்கள். தனித்தனியாக விழுந்த ஒவ்வொரு கிருமியும் பெருகி, காலையில் ஒவ்வொரு புள்ளியாக நிற்கும். இந்தப் புள்ளிக்குக் காலனி என்று பெயர். நூறு காலனி இருந்தால் மில்லிக்கு 1,00,000 கிருமி என்று கணக்கு. கணக்கைவிட முக்கியமானது இன்னொன்று: ஒரு காலனி முழுவதும் பொதுவாக ஒரே கிருமியின் சந்ததி. கலப்பில்லாத கூட்டம் கையில் கிடைத்தால்தான் அடுத்த கேள்விகளைக் கேட்க முடியும்.

சில கேள்விகள் தட்டுக்குள்ளேயே பொதிந்திருக்கும். மெக்கான்கி அகரில் பித்த உப்பு உண்டு. குடலில் வாழப் பழகிய கிராம் நெகட்டிவ் வகைகளே பெரும்பாலும் அதில் தாக்குப்பிடிக்கும். பால் சர்க்கரையும் அமிலம் பட்டால் சிவக்கும் சாயமும் அதில் உண்டு. பால் சர்க்கரையைப் புளிக்கவைக்கும் ஈ.கோலை உலர்ந்த, தட்டையான இளஞ்சிவப்புக் காலனியாக வளரும். க்ளெப்சியெல்லாவும் இளஞ்சிவப்புதான், ஆனால் கம்பியால் தொட்டால் சளிபோல் நூலிழுக்கும். சால்மோனெல்லா நிறமின்றி நிற்கும். அனுபவப்பட்ட டெக்னீஷியனுக்கு இதற்கு மேலும் வழி உண்டு. சூடோமோனாஸ் வளர்ந்த தட்டில் திராட்சை வாசனை வரும். புரோட்டியஸ் ரத்த அகர் தட்டில் அலை அலையாகப் பரவும். தட்டை முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. அந்த வாசனை தெரியாத டெக்னீஷியனும் இருக்க மாட்டார்.

பிறகு வரிசையாகக் குழாய்கள். டிரிப்டோபான் கொடுத்தால் இண்டோல் ஆக்குகிறதா? ஆக்கினால், சோதனைத் திரவம் விட்டதும் மேலே சிவப்பு வளையம் மிதக்கும். சிட்ரேட்டை மட்டும் தின்று பிழைக்குமா? பிழைத்தால் பச்சை ஊடகம் நீலமாகும். யூரியாவை உடைக்குமா? உடைத்தால் குழாய் அடர்ந்த இளஞ்சிவப்பாகும். ஈ.கோலைக்கு முதல் கேள்வியில் ஆம், மற்ற இரண்டிலும் இல்லை. க்ளெப்சியெல்லா பொதுவாக இதற்கு நேர் எதிர். இதற்கு இரண்டாம் நாள் போகும். எந்த மருந்துக்கு மடியும் என்று மருந்து வில்லைகளை வைத்துப் பார்ப்பதற்கும் ஓர் இரவு வேண்டும். மூன்று நாள் கணக்கு சரியாகிவிட்டது.

ரிப்போர்ட்டில் அச்சாகும் எஸ்கெரிச்சியா கோலை என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. மியூனிக்கில் குழந்தை மருத்துவர் தியோடர் எஸ்கெரிச், பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் இந்தக் கிருமியைக் கண்டு 1885இல் விவரித்தார். அன்று அதற்கு வேறு பெயர். எஸ்கெரிச்சின் பெயரைப் பேரினத்துக்குச் சூட்டியவர்கள் ஆல்டோ காஸ்டெல்லானியும் ஆல்பர்ட் சால்மர்ஸும். 1919இல் தங்கள் வெப்பமண்டல மருத்துவக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் அதைச் செய்தார்கள். இருவருமே முன்பு கொழும்பில் பணியாற்றியவர்கள். காஸ்டெல்லானி 1903 முதல் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார்.

இதுவரை சொன்னதெல்லாம் இனங்காணல்: ஏற்கெனவே பெயருள்ள ஒன்றை அடையாளம் கண்டுபிடிப்பது. வகைப்பாடு என்பது வேறு வேலை. அது, எது எதற்கு உறவு, யார் யாருடைய வம்சம் என்று கேட்கிறது. பால் சர்க்கரையைப் புளிக்கவைக்கும் திறமை இரண்டு கிருமிகளுக்கு இருந்தால் அவை உறவு என்று ஆகிவிடாது. 1923 முதல் வெளிவந்த பெர்ஜி கையேடு இனங்காண அருமையான வழிகாட்டி. உறவு சொல்ல அதால் முடியவில்லை. இத்துறையின் ஜாம்பவான்களான ஸ்டேனியரும் வான் நீலும் 1962இல், பாக்டீரியாக்களுக்குள் வம்சாவளி காணும் தங்கள் பழைய முயற்சிகளையே கைகழுவிவிட்டார்கள். பாக்டீரியா என்றால் உட்கரு இல்லாத செல் என்ற வரையறையோடு நிறுத்திக்கொண்டார்கள். புதைபடிவமும் இல்லை, உருவமும் இல்லை. வம்சாவளியை எங்கே போய்த் தேடுவது?

தேட வேண்டிய இடம் செல்லுக்குள்ளேயே இருந்தது. ஓலைச்சுவடியை நினைத்துப் பாருங்கள். ஏடு பெயர்த்து எழுதுகிறவர் கைதவறி ஓரிடத்தில் ‘ழ’வை ‘ள’ ஆக்கிவிடுகிறார். அவருடைய பிரதியைப் பார்த்து எழுதுகிறவர் அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதி, தன் பங்குக்கு ஒன்றைக் கூட்டுகிறார். பல தலைமுறை கழித்துப் பத்துச் சுவடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடபேதம் பார்த்தால், ஒரே பிழையைச் சுமக்கும் சுவடிகள் ஒரே தாய்ச்சுவடியின் வழிவந்தவை என்று ஊகிக்கலாம். (பெட்ரி தன் தட்டை அறிமுகப்படுத்திய அதே 1887இல்தான் உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டுச் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்.) செல்லுக்குள் மரபணுவும் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படுகிறது, அதிலும் எழுத்துப் பிழைகள் சேர்கின்றன. மூலக்கூறுகளை வரலாற்று ஆவணமாக வாசிக்கலாம் என்று சுக்கர்காண்டிலும் பாலிங்கும் 1965இலேயே சொல்லியிருந்தார்கள்.

எந்த ஏட்டை ஒப்பிடுவது என்பதுதான் கேள்வி. எல்லா உயிரிடமும் இருக்க வேண்டும்; எங்கும் ஒரே வேலை செய்ய வேண்டும்; மெதுவாக மாற வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ் தேர்ந்தெடுத்தது ரைபோசோமை. புரதம் தயாரிக்கும் இந்தப் பட்டறை இல்லாத செல்லே கிடையாது. அதன் ஓர் உறுப்பு 16எஸ் ஆர்.என்.ஏ.; ஈ.கோலையில் அதன் நீளம் 1,542 எழுத்துகள். சில பகுதிகள் எல்லாப் பாக்டீரியாவிலும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும், சில பகுதிகள் வேறுபடும். ஒப்பிடுவதற்கு இதைவிடத் தோதான ஏடு கிடைக்காது.

அன்று அதை முழுதாக வாசிக்கும் வசதி இல்லை. கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த உணவில் கிருமியை வளர்ப்பார்கள். ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து நொதியால் துண்டுதுண்டாக வெட்டி, மின்சாரம் பாய்ச்சித் தாளில் பரப்புவார்கள். மேலே எக்ஸ்ரே ஃபிலிம் வைத்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு கரும்புள்ளியாகப் பதியும். விளக்குப் பெட்டியின் மேல் ஃபிலிமை விரித்து, எந்தப் புள்ளி எந்த எழுத்துச் சேர்க்கை என்று வோஸ் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து வாசித்தார். உதவியாளர்கள் சலித்துப்போகக்கூடிய வேலை அது. அவருக்குச் சலிக்கவில்லை.

பக்கத்து ஆய்வகத்தில் ரால்ஃப் வுல்ஃப் மீத்தேன் வாயு உண்டாக்கும் நுண்ணுயிரிகளை வளர்த்துவந்தார். பார்வைக்கு அவை சாதாரணப் பாக்டீரியாக்கள். 1976இல் அவற்றின் ஃபிலிமை வைத்துப் பார்த்தபோது, எல்லாப் பாக்டீரியாவிலும் தவறாமல் வரும் துண்டுகள் அதில் காணவில்லை. மறுபடி செய்தாலும் காணவில்லை. பாக்டீரியாவிலிருந்து நாம் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் இவையும் நின்றன. 1977இல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இதை வெளியிட்டார்கள்: உயிர்களின் அடிப்படைக் கிளைகள் இரண்டல்ல, மூன்று. மூன்றாவது கிளைக்கு இன்று ஆர்க்கியா என்று பெயர். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது. சக விஞ்ஞானிகள் முகம் சுளித்தார்கள். நோபல் பரிசு பெற்ற சால்வடார் லூரியா தொலைபேசியில் அழைத்து, இந்த அபத்தத்திலிருந்து விலகிக்கொள்ளும்படி தன்னிடம் சொன்னதாக வுல்ஃப் பின்னாளில் எழுதினார்.

ஒரே ஒரு மூலக்கூறை நம்பி உயிர் மரத்தையே திருத்தி எழுதலாமா என்ற சந்தேகம் நியாயமானதுதான். வோஸ் சொன்னதை நம்பவைத்தது வேறு திசைகளிலிருந்து வந்த சாட்சியங்கள். மியூனிக்கில் ஓட்டோ காண்ட்லர், மீத்தேன் நுண்ணுயிரிகளின் சுவரில் பெப்டிடோகிளைகனே இல்லை என்று கண்டிருந்தார். சவ்வுக் கொழுப்பும் வேறு மாதிரி இருந்தது: பாக்டீரியாவிலும் நம்மிலும் எஸ்டர் பிணைப்பு, இவற்றில் ஈதர் பிணைப்பு. உப்பளங்களைச் சிவக்கவைக்கும் ஹாலோபாக்டீரியங்களிலும் அதே விநோதக் கொழுப்பு இருப்பது முன்பே தெரியும்; அவற்றின் ஆர்.என்.ஏ.வும் அதே கிளையில் போய் உட்கார்ந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று தடயங்கள் ஒரே இடத்தைக் காட்டினால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. பழைய நிறச் சோதனையின் எல்லையும் இதே முறையில் தெரியவந்தது. சுவரே இல்லாத மைகோபிளாஸ்மா ஊதாச் சாயத்தைப் பிடிக்காது. ஆனால் அதன் ஆர்.என்.ஏ. அதைக் கிராம் பாசிட்டிவ் கூட்டத்தின் வாரிசு என்கிறது. முன்னோர் சுவரை, வழியில் எங்கோ தொலைத்துவிட்டது.

அப்படியானால் இனி பெயர்களையெல்லாம் ஏட்டைப் பார்த்தே வைத்துவிடலாமா? வைத்தார்கள். உடனே தகராறும் வந்தது.

வயிற்றுக்கடுப்பு தரும் ஷிகெல்லாவை ஜப்பானியர் கியோஷி ஷிகா 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறிந்தார். மரபணுக்களை ஒப்பிட்டால் அது ஈ.கோலையின் சிற்றினத்துக்குள்ளேயே விழுகிறது. ஆந்த்ராக்ஸ் கிருமி, பழைய சோற்றில் வளர்ந்து வாந்தி தரும் பேசில்லஸ் சீரியஸ், பயிர்ப் புழுக்களைக் கொல்ல வயலில் தெளிக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் மூன்றின் 16எஸ் வரிசையும் ஏறத்தாழ ஒன்றுதான். அவற்றின் கொடுமையும் பயனும் பெரும்பாலும் பிளாஸ்மிடுகளில் இருக்கின்றன. அதாவது செல்லுக்குள் தனியே சுற்றும், கைமாறக்கூடிய சிறு டி.என்.ஏ. வளையங்களில். வம்சக் கணக்கை அப்படியே ஏற்று மூன்றுக்கும் ஒரே பெயர் சூட்டினால், வயலில் தெளிப்பதும் ஆளைக் கொல்வதும் காகிதத்தில் ஒன்றாகிவிடும். ஆகவே பழைய பெயர்களை விட்டுவைத்திருக்கிறார்கள். இது சமரசம். என்னைக் கேட்டால், நல்ல சமரசம்.

கைமாறும் மரபணுதான் இந்தக் கதையின் பெரிய சங்கடம். சுவடிக் கணக்கில், ஒரு கட்டிலிருந்து நாலு ஏட்டை உருவி இன்னொரு கட்டில் கோர்த்துவிடும் வேலை அது. சென்னையில் 1992 கடைசியில் நடந்தது இதுதான். காலரா கிருமியின் மேற்பூச்சுச் சர்க்கரையை வைத்து அன்று 138 உள்வகைகள் அறியப்பட்டிருந்தன. கொள்ளைநோயாகப் பரவுவது ஓ1 மட்டுமே என்பது பாடம். ஓ1க்கான எதிர்ச்சீரத்தை ஒரு சொட்டு விட்டால் கிருமிகள் மணல்மணலாகத் திரள வேண்டும். திரளாவிட்டால் அது ‘ஓ1 அல்லாதது’, அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். சென்னையில் காலரா போலவே வயிற்றுப்போக்கு. பெரியவர்களும் ஏராளமாக விழுந்தார்கள். ஆனால் சீரம் விட்டால் திரளவில்லை. மீதி 137 சீரங்களுக்கும் திரளவில்லை. புதிதாக ஓ139 என்று எண் கொடுத்தார்கள். 1993இல் கொல்கத்தாவையும் வங்கதேசத்தையும் அது உலுக்கியது. மரபணுவைப் பார்த்தபோது, உள்ளே இருந்தது எல் டோர் என்ற பழைய ஓ1 வகைக் கிருமியேதான் என்று தெரிந்தது. மேற்பூச்சு தயாரிக்கும் மரபணுத் தொகுதியை மட்டும் எங்கிருந்தோ வாங்கி மாற்றிக்கொண்டிருந்தது. பழைய காலராவுக்கு உடலில் சேர்ந்திருந்த எதிர்ப்பு இதனிடம் பலிக்காததற்கும் காரணம் அதுதான்.

சிற்றினம் என்ற வரம்பே பாக்டீரியாவில் ஓர் ஒப்பந்தம் என்பது இதனால் விளங்கும். இன்று முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டு, பொதுப் பகுதிகளில் சராசரியாக 95, 96 விழுக்காடு ஒத்துப்போனால் ஒரே சிற்றினம் என்கிறார்கள். இதே அளவுகோலை நம்மிடம் வைத்தால் மனிதர், சிம்பன்சி, ஒராங்குட்டான் எல்லோருக்கும் ஒரே பெயர்தான். ஒத்த பெயருக்குள்ளும் எவ்வளவு விரிவு! ஆய்வகத்தில் வளர்க்கும் சாதுவான ஈ.கோலை, சிறுநீர்த் தொற்று தரும் ஈ.கோலை, ரத்தப்போக்கு தரும் ஈ.கோலை மூன்றையும் 2002இல் ஒப்பிட்டார்கள். மூன்றிலும் உள்ள புரத வகைகளையெல்லாம் சேர்த்து எண்ணினால், மூன்றுக்கும் பொதுவாக இருந்தவை சுமார் 39 விழுக்காடுதான். உறவு தூரமாகிப்போனதால் பிரித்த கதையும் உண்டு. தயிர், ஊறுகாய், மாவு என்று புளிப்பின் பெயரெல்லாம் சுமந்த லாக்டோபேசில்லஸ் என்ற பேரினத்தை 2020இல் 25 பேரினங்களாக உடைத்தார்கள். லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம், லாக்டிபிளாண்டிபேசில்லஸ் பிளாண்டாரம் ஆனது. வியாபாரத்தில் அதிகம் புழங்கும் வகைகளின் புதுப் பெயர்களும் அதே ‘எல்’ எழுத்திலேயே தொடங்குகின்றன. லேபிளில் சுருக்கி எழுதினால் பழைய பெயரும் புதுப் பெயரும் ஒன்றுதான்.

பெயருக்கே வழியில்லாதவை இன்னொரு பக்கம். மண்ணிலும் கடலிலும் உள்ள நுண்ணுயிரிகளில் மிகப் பெரும்பாலானவை நம் தட்டில் வளர்வதில்லை. முறைப்படி பெயர் பதிய வேண்டுமென்றால், உயிருள்ள மாதிரியை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேகரிப்பு நிலையங்களில் ஒப்படைக்க வேண்டும். (நம் நாட்டில் சண்டிகரில் அப்படி ஒன்று இருக்கிறது.) வளராத ஒன்றை எப்படி ஒப்படைப்பது? டி.என்.ஏ. வரிசை மட்டுமே கிடைத்த உயிர்கள், பெயருக்கு முன்னால் ‘வேட்பாளர்’ என்ற பொருள்படும் லத்தீன் அடைமொழியோடு வரிசையில் நிற்கின்றன. வரிசையையே ஆதாரமாகக் கொண்டு பெயர் பதியும் தனி விதித்தொகுப்பு ஒன்று 2022இல் வந்தது. இப்போது இரண்டு விதித்தொகுப்புகள் அக்கம்பக்கமாக நடக்கின்றன.

பெரிய மருத்துவமனைகளில் குழாய் வரிசையின் இடத்தை மால்டி-டாஃப் என்ற கருவி பிடித்துவருகிறது. காலனியைக் குச்சியால் தொட்டு எஃகுத் தகட்டில் தடவி, ஒரு சொட்டுத் திரவம் விட்டு, லேசர் அடிப்பார்கள். புரதங்கள் மின்னூட்டம் பெற்று ஒரு குழாய்க்குள் பறக்கும். எடை குறைந்தது முந்தும், கூடியது பிந்தும். வந்துசேரும் நேரங்களின் கோலத்தைக் கணினி தன் நூலகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, சில நிமிடங்களில் பெயர் சொல்லிவிடும். அந்தக் கோலத்தில் பெரும்பங்கு ரைபோசோம் புரதங்களுடையது. நூலகத்தில் இல்லாத கிருமிக்கு அதனிடம் பெயர் கிடையாது. காலனி வளர ஆகும் அந்த ஓர் இரவையும் அதால் குறைக்க முடியவில்லை.

அந்தக் கருவி வழக்கமாகத் தடுமாறும் இடம், ஈ.கோலையா ஷிகெல்லாவா என்பது. சிற்றினம் ஒன்றே என்பதால் கோலமும் ஏறத்தாழ ஒன்றே. நோயாளிக்கோ அது முக்கியமான கேள்வி: ஈ.கோலை எல்லோர் குடலிலும் இருப்பது, ஷிகெல்லா வயிற்றுக்கடுப்பு. ஆகவே வயிற்றுப்போக்கு மாதிரியில் கருவி ஈ.கோலை என்று காட்டினாலும், மெக்கான்கி தட்டில் காலனி நிறமின்றி நின்றால் டெக்னீஷியன் அதை நம்பிவிடுவதில்லை. நீந்துகிறதா என்று ஒரு குழாயில் குத்திவைக்கிறார், ஷிகெல்லா நீந்தாது. பிறகு கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எதிர்ச்சீரம் விட்டு, காலனியைக் கலந்து, மெல்லச் சாய்த்துச் சாய்த்துத் திரள்கிறதா என்று பார்க்கிறார்.